நானூற்றுப் பன்னிரண்டு நாள் போர்வை

சேரப்பணஞ்சேரியில் பெனிட்டா வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மாதா படம் அல்ல, அதற்கு நேர் கீழே வைத்திருக்கும் சிவப்புத் தொட்டி. ‘தேறாதவை’ என்று வெள்ளை நூலில் எந்திரப் பூத்தையல் போட்ட பட்டை ஒன்று அதன் கழுத்தில் கட்டியிருக்கும். கோணலாக வந்த பூ, பிசிறடித்த தையல், சுருங்கிய போர்வை எல்லாம் அதற்குள் போகும். ஒருமுறை கணவர் சாம்ராஜ் சுட்ட தோசையும் போனது. ஒரு பக்கம் வேகவில்லை. தொட்டியில் விழுந்ததை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது என்பது விதி. சாம்ராஜ் அன்று கடையில் சாப்பிட்டார்.

கார்களுக்கு ஒயர்க் கட்டு தயாரிக்கும் ஓர் ஆலையில் பதினோரு வருடம் தரம் பார்த்தவர் பெனிட்டா. தரம் பார்க்கும் பெண்கள் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் கவனம் சிதறும் என்று நிர்வாகம் கண்டுபிடித்திருந்தது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் அதைக் கண்டுபிடித்தார்கள். பெனிட்டா ஒரு முக்காலி கேட்டார். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள் என்று எழுத்தில் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை அவர் அட்டையைக் காட்டியபோது ஆலை வாசல் திறக்கவில்லை.

ஆலை கணக்கு முடித்துக் கொடுத்த தொகையில் அவர் வாங்கியது ஒரு பூத்தையல் எந்திரம். கணினியில் படம் வரைந்து கொடுத்தால் தானே தைக்கும். குன்றத்தூரில் செங்கமலம் என்ற தையற்காரர் அதை வந்த விலைக்குத் தள்ளிவிடத் துடித்தார். ஊசி உடைந்துகொண்டே இருந்ததாம். எந்திரத்தின் தலையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின.

“கண்ணு பட்டுச்சும்மா. எதிர்த்த கடைக்காரி கண்ணு. நான் இன்னான்னவோ பண்ணிப் பாத்துட்டேன்” என்றார் செங்கமலம்.

ஆலையில் ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை ‘ஏன்’ கேட்க வேண்டும் என்பது முறை. பெனிட்டா அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். ஊசி ஏன் உடைகிறது? நூல் இழுப்பதால். நூல் ஏன் இழுக்கிறது? மேலும் கீழும் போகும் கொக்கியில் ஒரு கறுப்புக் கயிறு சிக்குவதால். கயிறு ஏன் அங்கே வந்தது? எலுமிச்சம்பழம் கட்டியதால். எலுமிச்சம்பழம் ஏன் கட்டினீர்கள்? ஊசி உடைந்ததால். ஐந்தாவது கேள்விக்கு வேலையே இருக்கவில்லை. முதல் ஊசி ஜீன்ஸ் துணியில் உடைந்தது. அதன் பிறகு உடைந்த பதினேழும் பரிகாரத்தில் உடைந்தவை.

எந்திரம் வீட்டுக்கு வந்த அன்று, சாம்ராஜ் அதன் மேல் ஓர் ஆணி அடித்து வேளாங்கண்ணி எண்ணெய்க் குப்பியைத் தொங்கவிட்டார். முதல் போர்வையில் எண்ணெய் சொட்டியது. பெனிட்டா மத வேறுபாடு பார்க்கிறவர் அல்ல. போர்வை, குப்பி, ஆணி மூன்றும் சிவப்புத் தொட்டிக்குப் போயின.

அவர் தைத்தது ஒட்டுப்போர்வை. மேலே பழைய யூனிபார்ம் துண்டுகள், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் பழைய வேட்டி. மூன்றையும் சேஃப்டி பின் குத்திப் பிடித்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்ட வேண்டும். யூனிபார்முக்கா அந்த வட்டாரத்தில் பஞ்சம்? நிரந்தரத் தொழிலாளிக்கு நீலம், ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சாம்பல். ஒரே எந்திரத்தின் முன்னால் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரை மேலாளர் தூரத்திலிருந்தே பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காக. பெனிட்டா இரண்டையும் வெட்டிக் கலந்து தைத்தார். அறைக்கு ஆறு பேர் தங்கும் வாடகை வீடுகளில் அந்தப் போர்வைக்கு நல்ல கிராக்கி. ஒருவர் எழுந்து போக, இன்னொருவர் வந்து அதே பாயில் படுக்கிற இடம். அதனால் போர்வையின் ஒரு பக்கத்தில் ஏ ஷிப்ட்காரர் பெயரும் மறுபக்கத்தில் சி ஷிப்ட்காரர் பெயரும் தைத்துத் தருவார். போர்வைக்கு மட்டும் வார விடுமுறை கிடையாது.

ஆலையிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொரு பழக்கம் சரிபார்ப்புத் தாள். எந்த வேலைக்கும் முதலில் ஒரு மாதிரித் துண்டு தைப்பார். அதோடு பதினோரு வரி கொண்ட தாளை நீட்டுவார். அளவு, நிறம், நூல், பெயர் என்று ஒவ்வொரு வரியையும் பார்த்து, டிக் போட்டு, கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகுதான் துணியில் கத்தரி வைப்பார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஆலைக்காரர்கள். நாலு மணிக்கு எடுக்க வேண்டிய அளவை ரெண்டு மணிக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள். ஒருவர்கூட அந்தத் தாளைப் படித்ததில்லை. மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் பதினோரு டிக் போடுவார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் சாம்ராஜ், நூல் வாங்கி வந்ததற்கான தாளில் தினமும் கையெழுத்துப் போடுவார். ஒருநாள் பெனிட்டா ஆறாவது வரியில், ‘இன்று முதல் பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு’ என்று எழுதி வைத்தார். சாம்ராஜ் டிக் போட்டார்.

“இது ஏமாத்து வேல, பெனி.”

“தமிழ்லதானங்க எழுதிகீது. பெருசா வேற எழுதிகீது.”

அன்று முதல் அவர்தான் கழுவுகிறார்.

பக்கத்து வீட்டில் வசந்தகுமார், காவேரி தம்பதி. வசந்தகுமார் ஒரு பிரேக் உதிரிபாக ஆலையில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. போன வருடம் காணும் பொங்கலன்று நிரந்தரத் தொழிலாளிகள் எல்லாம் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருக்க, இவருக்கு ஓ.டி. கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சாரை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போயிற்று.

போன விரல் வராது. ஆனால் வேலையிடத்தில் அடிபட்டது என்று ஆலை எழுதிக் கொடுத்தால் ஈஎஸ்ஐயிலிருந்து ஆயுளுக்கும் மாதாமாதம் உதவித்தொகை வரும். ஆலை எழுதிக் கொடுத்தது இதுதான்: ‘வீட்டில் அரிவாள்மனையில் காய்கறி நறுக்கும்போது ஏற்பட்ட காயம்.’

இந்த வரியைக் கேட்டுக் காவேரிக்கு வந்த கோபம் ஆலையின் மேல் மட்டும் அல்ல.

“காய் அரிஞ்சாராம்க்கா. கல்யாணமாகி ஒம்பது வருசத்துல ஒரு வெங்காயம் உரிச்சது கெடயாது இந்த ஆளு. தண்ணிச் சொம்பு கையாண்ட கீதுன்னா அதயும் நான்தான் எடுத்துக் குடுக்கணும். இவரு காய் அரிஞ்சி வெரல வெட்டிக்கினாராம்.”

“பெருமையா சொல்லாதடி, நாலு பேரு கேக்கறாங்க” என்பார் வசந்தகுமார்.

ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, அதன் கீழே எண் தினமும் ஒன்று கூடும். காணும் பொங்கலன்றும் கூடியது. ஒப்பந்தக்காரர் வசந்தகுமாரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் பெனிட்டாவிடம் துணி வெட்டவும் பின் குத்தவும் வந்தார். காவேரி அதே ஆலையின் கேன்டீனில் ஒப்பந்த வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். ஈஎஸ்ஐ மனு, ஆலையின் திருத்திய அறிக்கைக்காகக் காத்துக் கிடந்தது.

இந்தச் சமயத்தில்தான் நம்பிராஜன் வந்தார். அந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சாம்ராஜின் ஆட்டோ சீட்டில் விரித்திருந்த ஒட்டுப்போர்வையைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

“எம்மா, அந்த ஆட்டோ விரிப்பு நீங்க தச்சதாக்கும்?”

“ஆமா சார். எங்கனா தையல் விட்டுச்சா?”

“அதெல்லாம் இல்லம்மா. அது மாதிரி பெருசா ஒண்ணு வேணும். எங்க பழைய யூனிபார்மு வச்சுத் தைக்கணும். சுவத்துல மாட்டுததுக்கு. நடுவுல பெரிய நம்பர். விபத்தில்லா நாட்கள். மார்ச் நாலு பாதுகாப்பு தினம், அன்னைக்கு ஆயிரம் நாள் ஆகுது. கஸ்டமர் கம்பெனில இருந்து ஆடிட்டுக்கு வாராங்க, பாத்துக்கிடுங்க.”

வசந்தகுமார் மூலையில் குனிந்து, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சேஃப்டி பின் குத்திக்கொண்டிருந்தார். நம்பிராஜன் அந்தக் கையைப் பார்த்தார்.

“தம்பிக்கு விரல்ல என்னாச்சு?”

வசந்தகுமார் நிமிர்ந்து பார்த்தார். தன் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் தன்னை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்று அவருக்குப் புரிந்தது.

“காய் அரிஞ்சேன் சார்.”

“கவனமா இருக்கணும்பா. ஆலைய விட வீட்டுலதான் விபத்து ஜாஸ்தி. நாங்க அதுக்குன்னே ஒரு போஸ்டர் போட்டிருக்கோம்” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார் நம்பிராஜன்.

சாயங்காலம் செய்தி தெரிந்த காவேரி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “ஆயிரம்னு தச்சேன்னு வெச்சுக்கோக்கா, உன் வூட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்.”

“நீ போன வாரம் கடன் வாங்கின சக்கரய மொதல்ல குடு, அப்புறம் குடிக்காம இரு” என்றார் பெனிட்டா. “எந்த நம்பரா இருந்தாலும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்காம நான் எழுதினது கெடயாது. பதினோரு வருசம் நின்னுக்கினே பாத்தவ நான். வசந்தா, அன்னிக்கு ஆஸ்பத்திரில குடுத்த சீட்டு எடுத்தாப்பா. கேட்ல உள்ள போனதுக்கு மெசேஜ் வருமே, அது கீதா?”

இரண்டும் இருந்தன. ஆலைக்குள் போன நேரம் காலை 6.52 என்று கைபேசி சொன்னது. கை நசுங்கி மருத்துவமனையில் சேர்ந்த நேரம் 10.15 என்று சீட்டு சொன்னது. இடைப்பட்ட நேரத்தில் ஆலைக்குள் உட்கார்ந்து யாரும் சாம்பாருக்குக் காய் நறுக்கியிருக்க முடியாது. பெனிட்டா நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, காணும் பொங்கலிலிருந்து மார்ச் நாலு வரை விரல் விட்டு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். வசந்தகுமாரும் எண்ணிச் சரிபார்த்தார். பிறகு சரிபார்ப்புத் தாளின் ஏழாவது வரியை எழுதினார்:

‘எண்: 412. ஆதாரம்: கடைசி விபத்து போன வருடம் ஜனவரி 16, பிரஸ் எண் 4, வசந்தகுமார் (ஒப்பந்தம்), வலது ஆள்காட்டி விரல், இரண்டு கணு. சரியா?’

இரண்டு நாள் கழித்து நம்பிராஜன் மாதிரி பார்க்க வந்தார். காதில் கைபேசி. பாதுகாப்பு தினத்துக்குப் பிரியாணியா, சாம்பார் சாதமா என்று யாரோடோ பெரிய விவாதம். பெனிட்டா மாதிரித் துண்டை நீட்டினார். எந்திரத்தில் துணியைப் பிடிக்கும் வளையம் ஒன்றரைச் சாண்தான். பெரிய எண்ணை அதில் ஒரே தடவையில் தைக்க முடியாது. சாம்பல் துணியை எண்ணின் வடிவில் வெட்டி, நீலத்தின் மேல் வைத்து, ஓரம் முழுக்க நெருக்கமாகப் பூத்தையலைப் பகுதி பகுதியாக ஓட்ட வேண்டும். அப்படி ஒரே ஓர் இலக்கத்தைத் தைத்து வைத்திருந்தார்.

“பிரமாதம்மா” என்றார் நம்பிராஜன், கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு. “நாலு நல்லா வந்திருக்கு.”

ஆயிரத்தில் நாலு கிடையாது. பெனிட்டா கொஞ்ச நேரம் காத்திருந்தார். நம்பிராஜன் பிரியாணிக்குத் திரும்பிவிட்டார்.

“சார், தாள ஒருவாட்டி படிச்சுடுங்க.”

“இருக்கட்டும்மா.” பேனா மேலிருந்து கீழே ஒரு இழு இழுத்தது. பதினோரு டிக்.

“ஏழாவது வரி மட்டுமாவது பாருங்க சார்.”

“உங்க மேல நம்பிக்கை இல்லாமலா ஆர்டர் குடுத்தேன்?” சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். எங்கே போனாலும் முத்திரையோடு போகிறவர்.

“படிச்சுட்டீங்கன்னு எடுத்துக்கட்டுமா சார்?”

“எடுத்துக்கிடுங்க, எடுத்துக்கிடுங்க.”

போர்வை ஆறடிக்கு எட்டடி. நீலமும் சாம்பலும் மாறி மாறி. எண்ணுக்கான சாம்பல் துணியைக் காவேரி கொடுத்தார். எத்தனை துவைத்தும் வலது கைப்பக்கம் பழுப்புக் கறை போகாத சட்டை அது. எதற்கு எடுத்து வைத்திருக்கிறோம் என்று தெரியாமலே ஒரு வருடமாக எடுத்து வைத்திருந்தார். அந்தக் கறை ‘2’ன் வயிற்றில் வந்தது. பெனிட்டா அதன் மேல் தையலைக் கொஞ்சம் நெருக்கமாக ஓட்டினார். அன்று வீட்டில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. கறை சரியான இடத்தில் வந்திருக்கிறதா என்று காவேரி மூன்று முறை வந்து பார்த்துவிட்டு, மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மார்ச் நாலு. சுருட்டிய போர்வையின் மேல், ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற பச்சை அட்டையைக் கட்டி, ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். மாட்டுவதற்கு உதவியாக வசந்தகுமாரும் வந்தார். பச்சை அட்டை தொங்கும் பொட்டலத்தை அந்தப் பக்கத்தில் எந்த ஆலையிலும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மேடைச் சுவரில், வெள்ளைத் திரைக்குப் பின்னால் அது ஏறியது. வசந்தகுமார் ஏணியின் மேல் நின்று திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆலைத் தலைவர் ‘பாதுகாப்பே நம் மூச்சு’ என்று இருபது நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். வாடிக்கை நிறுவனத்திலிருந்து வந்த தணிக்கையாளர் சுகப்பிரியா கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்தார். கயிறு இழுக்கப்பட்டது.

விபத்தில்லா நாட்கள்: 412.

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. கடைசி வரிசையில் இருந்தவர்கள் மட்டும் தட்டிவிட்டார்கள். அவர்களும் எதையும் படிக்கிறவர்கள் அல்ல.

“நம்பிராஜன், என்ன இது?” என்றார் ஆலைத் தலைவர்.

“சார், டெய்லரு தப்பா...”

“தப்புன்னா நானே கழட்டி எடுத்துக்கினு போறேன் சார்” என்று பெனிட்டா முன்னால் வந்தார். “எங்க வூட்ல அதுக்குன்னு தொட்டியே கீது. ஆனா நான் சும்மா தெக்கல. தாள் கீது, சைன் கீது, சீல் கீது.”

தாளை வாங்க ஆலைத் தலைவரும் சுகப்பிரியாவும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். தரம் பார்க்கிறவர் யாரிடம் தாளைக் கொடுக்க வேண்டும் என்று பெனிட்டாவுக்குத் தெரியும். தணிக்கையாளரிடம் கொடுத்தார். சுகப்பிரியா ஏழாவது வரியை உரக்கப் படித்தார். அந்தத் தாளை ஒருவர் படிப்பது அதுவே முதல் முறை.

“இந்த வசந்தகுமார் யாரு? எங்க இருக்கார்?”

“நான்தான் மேடம்” என்று ஏணியின் மேலிருந்து குரல் வந்தது.

நம்பிராஜன் அண்ணாந்து பார்த்தார். “தம்பி, நீ காய் அரிஞ்சதா சொன்னியேப்பா.”

“நீங்க எழுதினதுதான சார். உங்க முன்னாடியே மாத்திச் சொன்னா மரியாதையா இருக்காதுன்னு அப்படியே சொன்னேன்.”

“வீட்டுல அரிவாள்மனைல நடந்ததுன்னு ரிப்போர்ட் இருக்கு மேடம்” என்றார் ஆலைத் தலைவர் அவசரமாக. “அது எங்க கணக்குல வராது.”

டீத் தட்டோடு ஓரமாக நின்ற காவேரி தட்டைக் கீழே வைத்தார். அந்த வேலையும் போனால் வீட்டில் உலை ஏறாது. அது தெரிந்துதான் வைத்தார்.

“மேடம், ஒரே ஒரு கேள்வி கேளுங்க இந்த ஆள. எங்க வூட்ல அருவாமனை எங்க கீது?”

சுகப்பிரியாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவருக்கும் கணவர் இருந்தார். “சொல்லுங்க வசந்தகுமார். உங்க வீட்ல அரிவாள்மனை எங்க இருக்கு?”

வசந்தகுமார் யோசித்தார். “சமையல் ரூம்ல.”

“சமையல் ரூம்ல எங்க?”

“மேல... பரண்ல?”

கேன்டீன் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. “அருவாமனய பரண் மேல வெச்சி, ஏணி போட்டு ஏறியா அரிவாங்க?” என்றது ஒரு குரல்.

“அப்போ கீழதான்” என்றார் வசந்தகுமார், ஏணியை இறுகப் பிடித்தபடி.

“மேடம்” என்றார் காவேரி. “எங்க வூட்ல அருவாமனையே கெடயாது. நாலு வருசமா நான் கத்திலதான் அரியறேன். அதுகூட தெரியாத ஆளுக்கு எதுல வெரல் போயிருக்கும்னு நீங்களே எழுதிக்குங்க.”

ஒரு கணவனின் சமையலறை அறியாமை இவ்வளவு உபயோகமாக இருந்ததை அந்த ஆலை அதற்கு முன் பார்த்ததில்லை. சுகப்பிரியா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். காவேரியின் பெயரையும் முழுதாகக் கேட்டு எழுதினார். கேன்டீனில் அவர் வேலை பிழைத்ததற்கு அதுதான் காரணம். மருத்துவமனைச் சீட்டையும் கைபேசிச் செய்தியையும் படம் எடுத்தார். திருத்திய அறிக்கை வந்து சேரும் வரை தணிக்கையை முடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு வருடம் காத்துக் கிடந்த காகிதம் நான்கு நாளில் ஈஎஸ்ஐக்குப் போனது.

அடுத்த வாரம் நம்பிராஜன் பெனிட்டா வீட்டுக்கு வந்தார். வாசல் பலகையையும் போர்வையில் உள்ளபடி மாற்றியாயிற்று. அதற்கு மேலே மாட்ட ‘படித்துவிட்டுக் கையெழுத்திடுக’ என்று பூத்தையலில் ஒரு துணிப் பலகை வேண்டுமாம்.

“அந்த அருவாமனை ரிப்போர்ட்டையும் நான் வாசிக்கலம்மா” என்றார் தரையைப் பார்த்தபடி. “காண்ட்ராக்டர் கொண்டாந்தான், சீல் குத்துனேன்.”

“குத்துன சீல்ல ஒரு வெரலு காணாம போச்சு, சார்” என்றார் பெனிட்டா. அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் தாளை நீட்டினார்.

நம்பிராஜன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பதினோரு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்பதாவது வரியில் நின்று நிமிர்ந்தார்.

“எம்மா, ‘இதுவரை படித்தவருக்கு ஒரு டீ’ன்னு போட்டிருக்கு.”

“வசந்தா, சாருக்கு ஒரு டீ போடுப்பா” என்றார் பெனிட்டா.

வசந்தகுமார் எழுந்தார். பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து காவேரியின் குரல் பாய்ந்தது. “யோவ், உக்காரு. அடுப்பாண்ட போன, அவ்ளோதான். இன்னும் விசாரண முடியல. ஈஎஸ்ஐல கேள்வி கேட்டு முடிக்கற வரைக்கும் சக்கர டப்பா எங்க கீதுன்னுகூட உனக்குத் தெரியக் கூடாது.”

டீயை சாம்ராஜ்தான் போட்டார். அவர் கையெழுத்துப் போட்டவர்.

விசாரணை இருபது நாளில் முடிந்தது. கேட்கப்பட்ட எல்லா வீட்டுக் கேள்விகளுக்கும் வசந்தகுமார் தவறாகவே பதில் சொன்னார் என்றும், நடிக்கத் தேவையே இருக்கவில்லை என்றும் காவேரி சொன்னார். வேலையிடக் காயம் என்று முடிவாகிக் கடிதம் வந்தது. முதல் மாத உதவித்தொகை வங்கியில் விழுந்த மறுநாள் காலை, காவேரி அவர் முன்னால் ஒரு பலகையையும் கத்தியையும் நான்கு வெங்காயத்தையும் வைத்தார். முதல் துண்டைத் தரம் பார்க்கப் பெனிட்டாவைக் கூப்பிட்டார்கள்.

பெனிட்டா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் சரியாக உரியவில்லை. தடிமன் ஒரு பக்கம் ஒரு மாதிரி. வீட்டுக்குப் போய்ச் சிவப்புத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வசந்தகுமாரின் பக்கத்தில் வைத்தார்.